நூல் கடித்த பல்

வாயைத் திற என்றார்கள், திறந்தாள். அதோடு சரி. அடுத்த ஒரு மணி நேரத்துக்கு அது பவதாரணியின் வாய் இல்லை. மேலுதட்டிலிருந்து தாடை வரைக்கும் ஒரு நீல ரப்பர் ஷீட்டை இழுத்து மாட்டி, நடுவில் ஓட்டை போட்டு, அதன் வழியாகக் கீழ்வரிசை முன்பல் ஒன்றை மட்டும் வெளியே எட்டிப் பார்க்க விட்டிருந்தார் நஸ்ரின் டாக்டர். பல்லின் இடுப்பில் ஒரு இரும்புக் கொக்கி. உதட்டோரத்தில் இன்னொரு கொக்கி, அதிலிருந்து ஒரு ஒயர் போய் ஏதோ மெஷினில் சேர்கிறது. அறுக்கப் போகிற கோழிக்குக் கூட இத்தனை அலங்காரம் பண்ண மாட்டார்கள் என்று சொல்ல வேண்டும் போல இருந்தது தாரணிக்கு. சொல்ல முடியாது. ஆங் என்றுதான் வரும். வாயை மூடு என்று அவளைச் சொல்லாத ஆள் கிடையாது, வீட்டில், பள்ளிக்கூடத்தில், கம்பெனியில், பஸ்ஸில் கண்டக்டர் உட்பட. இங்கே மட்டும்தான் திறந்து வைத்தே பேசவிடாமல் பண்ணியிருக்கிறார்கள். "வலிச்சா இடது கையைத் தூக்கும்மா, நிறுத்திடறேன்" என்றார் டாக்டர். ஊசி போட்டாயிற்று, உதடு இட்லி போல வீங்கிக் கிடக்கிற நினைப்பு, வலி எங்கேயிருந்து வரும். வலியைப் பற்றி அவளுக்குக் கவலையே இல்லை. ஒரே கவலைதான். இந்தப் பல்லுக்குள்ளே இரண்டாவதாக ஒரு வழி இருக்கிறதாம், தலைமுடி அகலத்துக்கு. அதை இன்றைக்கு டாக்டர் கண்டுபிடிக்க வேண்டும். கிடைத்தால் பல் பிழைக்கும். கிடைக்காவிட்டால் பிடுங்க வேண்டியதுதான். இதைச் சுற்றி வளைக்காமல் அவளிடமே சொல்லியிருந்தார். பத்தொன்பது வயசில் முன்பல் போவது. வெளியே பெஞ்சில் அம்மா மடியில் ஒயர் கூடையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அம்மாவுக்கு முன்னால் ரெண்டு பல் கிடையாது.

சர்ரென்று மெஷின் ஓடியது. தாடை எலும்பு முழுக்க அதிர்ந்தது, ஓவர்லாக் மெஷினில் கை வைத்தாற்போல. இந்த அதிர்வு அவளுக்குப் பழக்கம்தான். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், பனியன் துணி கத்திக்குக் கீழே போய்க்கொண்டே இருக்கும், ஓரம் வெட்டிக்கொண்டே தைக்கும். பீஸ் முடிந்தால் பின்னால் சங்கிலி மாதிரி ஒரு நூல் தொங்கும். அந்தப் பிசிரை வெட்டத்தான் கழுத்தில் நாடா கட்டி ஒரு ட்ரிம்மர் தொங்கவிட்டிருப்பார்கள் எல்லோரும், குட்டி வெட்டுக் கத்தரி. அதை எடுத்து, விரித்து, வெட்டி, விடுவதற்குள் அடுத்த பீஸ் பாதி தைத்துவிடலாம். அதனால் கை துணியிலேயே இருக்கும், தலை மட்டும் குனியும், நூலை முன்பல்லில் வைத்து ஒரு இழு. டக். அவள் மட்டுமா, வரிசை முழுக்க அப்படித்தான். எட்டாவது படிக்கும்போது வீட்டுக்கு அம்மா மூட்டை மூட்டையாகக் கொண்டு வந்த பீஸுக்குப் பிசிர் எடுத்த காலத்திலிருந்து அப்படித்தான். பல்லின் நுனியில் நூல் போய் உட்கார அளவெடுத்த மாதிரி ஒரு சின்னப் பள்ளம் விழுந்திருந்தது. நாக்கால் தடவினால் தெரியும். கண்ணாடியில் பார்த்துப் பெருமைப்பட்டிருக்கிறாள், லூசு. பிறகு ஒரு நாள் நைலான் நூல். அது பருத்தி மாதிரி அறாது. இழுத்தாள், அறவில்லை, தலையை வெடுக்கென்று திருப்பி இழுத்தாள், அறுந்தது, கூடவே உள்ளே ஏதோ டக்கென்றது. வலி ரெண்டு நாள் இருந்தது, போய்விட்டது. போனது வலி இல்லை, பல்லின் உயிர் என்று அப்புறம்தான் தெரிந்தது. ஆறு மாதத்தில் பல் சாம்பல் நிறமாகி, ஈறில் அரிசி மாதிரி ஒரு கொப்புளம் வந்து, முதல் தடவை இதே டாக்டரிடம் வந்தபோது.

ஆரஞ்சு மிட்டாய் வாசம் அடித்தது. பழைய அடைப்பைக் கரைக்கிற மருந்தாம். டாக்டர் மெல்லிய இடுக்கியால் எதையோ இழுத்தார், இழுத்ததை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். ரோஸ் கலரில் ஒரு நூல். சத்தியமாக நூல்தான், அரை இஞ்சு இருக்கும். "ரெண்டு வருஷம் முன்னாடி நான் வெச்சது" என்றார். தாரணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது, ஷீட் குலுங்கியது, பக்கத்தில் உறிஞ்சு குழாயைப் பிடித்துக்கொண்டிருந்த ஜெபா அக்கா "அய்ய, ஆடாத புள்ள" என்றாள். ஆடாமல் எப்படி. உள்ளேயும் நூலா. தைத்த பீஸைப் பிரிக்கிற மாதிரி இந்த டாக்டர் தான் தைத்ததையே பிரித்துக்கொண்டிருக்கிறார். கம்பெனியில் தப்பாகத் தைத்த பீஸ் திரும்பி வந்தால் யார் தைத்தது என்று ஒரு பஞ்சாயத்து நடக்கும், ஒருத்தியும் ஒத்துக்கொள்ள மாட்டாள். என்னுது இல்ல, என் நூல் இது இல்ல, நான் அன்னிக்கு லீவு. தாரணியே சொல்லியிருக்கிறாள் நான் அன்னிக்கு லீவு என்று. அதை இப்போது நினைக்க வேண்டாம். அடுத்து ஊசிக்குழாயில் கழுவுகிற மருந்துத் தண்ணீர் விட்டார் டாக்டர், குப்பென்று ப்ளீச்சிங் வாசம். துணியை வெளுக்கிற பட்டறை வாசம். அப்பா இருந்தவரைக்கும் அவர் சட்டையில் அடித்த வாசம். அப்பா இதே வாசத்தோடு சைக்கிளில் வந்து இறங்கி, கையைக் கழுவாமலே கன்னத்தைக் கிள்ளுவார், ச்சீ போப்பா என்பாள். இப்போது மூக்கை விரித்து இழுத்தாள். நல்லா இருந்தது. மூக்கு அரித்தது. கையை எடுக்கக் கூடாது, எடுத்தால் வலி என்று நினைத்து நிறுத்திவிடுவார்கள். அரிப்பு மூக்கு நுனியிலிருந்து புருவத்துக்கு ஏறியது, அதைத் தவிர உலகத்தில் வேறு எதுவும் இல்லாமல் போனது. ஜெபா அக்கா என்ன கண்டாளோ, பஞ்சுத் துணியை மடித்து மூக்கின் மேல் நாலு தேய் தேய்த்துவிட்டாள். கேட்கவே இல்லை. இப்படி ஒரு மனுஷியை எந்த ஊர் பெற்றதோ. தாரணி கண்ணாலேயே கும்பிட்டாள்.

இந்த க்ளினிக்குக்குத் திரும்பி வரவே மாட்டேன் என்று பஸ்ஸில் அவள் போட்ட சண்டை ஊருக்கே கேட்டிருக்கும். கொப்புளம் திரும்பி வந்த வாரத்தில். "கெடுத்ததே அந்தம்மாதான், மறுபடியும் அவங்ககிட்டயே போறதுக்கு நான் என்ன கேனையா?" அதற்கு முன்னால் இன்னொரு டாக்டரைப் பார்த்தாயிற்று. அவர் அரை நிமிஷம் பார்த்துவிட்டு, எடுத்துட்டுப் புதுசா ஒண்ணு வெச்சுக்கலாம், பல்லுதானே என்றார். பல்லுதானே. தாரணி சரி என்று சொல்லப் போனாள். அவளுக்கு எதுவும் சட்டென்று முடிய வேண்டும். அம்மாதான் எழுந்து கூடையை எடுத்துக்கொண்டாள். "வாடி போலாம்." வெளியே வந்து வெயிலில் நின்று, "என்ற பல்லையும் இப்படித்தான் கண்ணு, வலிக்குதுன்னு போனேன், புடுங்கிப் போடுங்கன்னு நானே சொன்னேன். வலி போச்சு. அதுக்கப்புறம் வாயத் தொறந்து சிரிச்சனா நானு?" என்றாள். அம்மா சிரிக்கும்போது கையோ முந்தானையோ வாய்க்குப் போகும். தாரணி அதை அம்மாவின் வெட்கம் என்று நினைத்திருந்தாள் இத்தனை நாள். அடக்கம், நல்ல பொம்பளைக்கு அழகு, இந்தக் கண்றாவி எல்லாம். அது வெட்கம் இல்லை, ஓட்டை. "அந்த டாக்டரம்மா போன தடவ பல்லக் காப்பாத்தோணும்னு எவ்வளவு நேரம் மெனக்கெட்டாங்க. மெனக்கெட்டவங்ககிட்டயே போவோம். என்னாச்சுன்னு கேப்போம். இருக்கறத மட்டும் உட்றாத சாமி." கேட்போம் என்று அம்மா சொன்னதே அவளுக்கு ஆச்சரியம். அம்மா யாரையும் எதுவும் கேட்கிற ஆள் இல்லை.

கேட்கவே வேண்டியிருக்கவில்லை. அதைத்தான் பத்து நாளாக நினைத்து நினைத்துப் பார்க்கிறாள், நினைக்க நினைக்க அந்த இடத்திலேயே நூல் சிக்கின மாதிரி நின்றுவிடுகிறது. அன்றைக்கு வந்து உட்கார்ந்ததுமே டாக்டர் எக்ஸ்ரேயைக் கம்ப்யூட்டரில் பெரிசாக்கிக் காட்டினார். "இந்த வெள்ளைக் கோடு பாத்தியா, இது நான் அடைச்சது. நடுவுல இருக்கணும், ஓரமா இருக்கு. அப்படின்னா பக்கத்துலயே இன்னொரு வழி இருக்குன்னு அர்த்தம். கீழ்ப்பல்லுல சில பேருக்கு அப்படி இருக்கும், ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணா. அன்னைக்கு ஒண்ணு கிடைச்சதும் நான் நிறுத்திட்டேன். தேடியிருக்கணும். தப்பு என்னோடதுதான்மா." அம்மா பதறிப் போனாள். "ஐயோ, அதெல்லாம் எதுக்குங்க டாக்டரம்மா." தாரணி சண்டை போட எடுத்து வைத்திருந்த அத்தனை வார்த்தையும் கையில் இருந்தது, போட இடமில்லை. பதினோராம் வகுப்பில் கணக்கு சார் போர்டில் போட்ட கணக்கில் நாலாவது வரியில் மைனஸ் விட்டுப்போச்சு சார் என்று எழுந்து சொன்னாள். வெளியே நில் என்றார். நின்றாள், பீரியடு முழுக்க, கால் மாற்றி மாற்றி. மறுநாள் போர்டில் அதே கணக்கு, மைனஸோடு. ஒரு வார்த்தை இல்லை. அதனால்தான் படிப்பை விட்டாள் என்று சொன்னால் கேட்கிறவர்களுக்கு நன்றாக இருக்கும். பொய். உட்கார்ந்து கேட்கிறது அவளுக்கு ஒத்துவரவில்லை, மெஷின் பிடித்திருந்தது, விட்டாள். ஆனால் அந்த மைனஸ் மனசில் அப்படியே இருந்தது. பெரிய மனுஷர்கள் தப்பு பண்ணினால் ராத்திரியோடு ராத்திரியாகத் திருத்திவிட்டு ஒன்றும் நடக்காத மாதிரி இருப்பார்கள், உலகம் அப்படித்தான் என்று ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். பத்து வருஷம் படித்து, கோட்டு போட்டுக்கொண்டு, பனியன் கம்பெனிப் பொண்ணு ஒருத்தியிடம் தப்பு என்னோடதுதான்மா என்று சொல்கிற ஆளை அவள் எதிர்பார்க்கவில்லை.

அதற்கு அடுத்ததாக டாக்டர் கேட்டது ஒரே ஒரு கேள்வி. போன தடவையே நூல் கடிக்காதேன்னு சொன்னேனே, இன்னும் கடிக்கிறியா? "இல்லீங்க டாக்டர்." வழவழவென்று வந்தது. ஒரு திக்கல் இல்லை. மனசில் பட்டதை மூஞ்சிக்கு நேரே சொல்கிறவள் என்று பேர் வாங்கியவள், அது ஒன்றுதான் தன்னிடம் இருக்கிற சொத்து என்று நினைத்திருந்தவள், தப்பு என்னோடதுதான் என்று சொன்ன வாயைப் பார்த்துக்கொண்டே சொன்ன பொய். கடிக்காமலா. சிகிச்சை முடிந்து ஒரு வாரம் ட்ரிம்மரை எடுத்தாள். சீசன் வந்தது, வெளிநாட்டுச் சரக்குக்குக் கப்பல் கிளம்பப் போகிறது என்றார்கள், பக்கத்து மெஷின்காரி நூறு பீஸ் முன்னால் போனாள், தலை தானாகக் குனிந்தது. இரண்டு வருஷமாக அதே பல். தையல் பிரிந்ததில் அவள் பங்கு எவ்வளவு, டாக்டர் பங்கு எவ்வளவு. வழி விட்டுப்போனது டாக்டர். ஆனால் கடித்துக் கடித்து அடைப்பை ஆட்டிவிட்டது யார். அந்தப் பள்ளம். இப்போதே சொல்லிவிடலாம் என்று தோன்றியது, தோன்றின வேகத்தில் இடது கை தூக்கிக்கொண்டது. மெஷின் நின்றது. "வலிக்குதாம்மா?" ஆங்ஆங். "இன்னும் கொஞ்சம் ஊசி போடட்டுமா?" வேண்டாம் என்று விரலை ஆட்டினாள். "எச்சில் முழுங்கணுமா?" ஆங்ஆங். "பாத்ரூமா?" ஜெபா அக்கா. அட கடவுளே. கையை இறக்கிக்கொண்டாள். பொய் சொல்ல ஒரு நொடி போதும், அதைத் திருப்பி எடுக்க வாய் வேண்டியிருக்கிறது.

இனிமேல்தான் தேடல் என்று டாக்டர் சொன்னார். கண்ணில் இரண்டு குட்டி பைனாகுலர் வைத்த கண்ணாடியை மாட்டிக்கொண்டு மிக அருகில் வந்தார். அவர் நெற்றியில் ஒரு சின்னத் தழும்பு, மாஸ்க்குக்குள் மூச்சு. ஊசி மாதிரி ஒன்றை உள்ளே விட்டால் உதட்டுக் கொக்கியோடு சேர்ந்த மெஷின் பீப் என்று கத்துமாம், நுனியை நெருங்க நெருங்க வேகமாகக் கத்துமாம். முதல் வழியில் விட்டார். பீப், பீப், பீப்பீப்பீப். அது தெரிந்த வழி. எடுத்துவிட்டு அதற்குப் பின்னால் தடவினார். ஒன்றுமில்லை. இன்னொரு ஊசி, அதைவிட மெலிசு. ஒன்றுமில்லை. தண்ணீர். ப்ளீச்சிங் வாசம். கீறுகிற சத்தம் எலும்புக்குள்ளே கேட்டது, சுவரைச் சாவியால் கீறுகிற மாதிரி. ஒன்றுமில்லை. டாக்டர் பேச்சை நிறுத்திவிட்டார். ஜெபா அக்காவும். அப்பாவைப் பார்த்த வார்டிலும் இப்படித்தான் திடீரென்று எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள். அது வேறு, இது பல், பல்லுதானே. இல்லை, பல்லுதானே இல்லை. இது போனால் சிரிக்கும்போது கை போகும், கை மட்டுமில்லை, அப்புறம் பேசும்போது போகும், அப்புறம் பேச்சே போகும், மூஞ்சிக்கு நேரே எதைச் சொல்ல முடியும் வாயைப் பொத்திக்கொண்டு. அம்மா கல்யாணத்துக்கு முன்னால் வாயாடி என்று மாமா சொல்லுவார், நம்பினதே இல்லை. ஒருவேளை அந்த ரெண்டு பல்லோடுதான் போயிற்றோ. கிடைத்துவிடு, எங்கே இருக்கிறாயோ கிடைத்துவிடு, நான் இனிமேல் கடிக்க மாட்டேன், சாமிக்கு நேர்ந்துகொள்கிற மாதிரி அந்தப் பல்லிடமே சொன்னாள். ஆறு வயசில் முளைத்தது. எத்தனை கரும்பு, எத்தனை முறுக்கு, எத்தனை ஆயிரம் பீஸ். செத்த பிறகும் இடத்தை விட்டுப் போகாமல் நின்ற பல். இதற்கு ஒரு நாள் நன்றி சொன்னாளா. கண்ணோரத்திலிருந்து ஒரு சொட்டு காதுக்குள் இறங்கியது. "வலியாம்மா?" இல்லை என்று தலையை அசைத்தாள். "முடியலேன்னா நிறுத்தி வெச்சுட்டு இன்னொரு நாள் பாக்கலாம்" என்றார் டாக்டர். அவர் குரலும் களைத்திருந்தது. ஒரு நாளைக்கு நூறு தடவை அவசரப்படுகிறவள், பஸ் ரெண்டு நிமிஷம் லேட்டானால் நடக்க ஆரம்பிக்கிறவள், கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள். தேடுங்க. நான் இருக்கிறேன். நாள் முழுக்க வேண்டுமானாலும் இருக்கிறேன். "சரி" என்றார், மாஸ்க்குக்கு மேலே கண் சிரித்தது. மறுபடி குனிந்தார். கீறல். தண்ணீர். கீறல். இன்னும் கொஞ்சம் நாக்குப் பக்கமாக. ஊசி எதிலோ சிக்கியது, சிக்கியது என்று அவளுக்கே தெரிந்தது, நூல் ஊசிக் காதில் நுழைகிற அந்த ஒரு சின்ன இடறல். டாக்டர் மூச்சைப் பிடித்தார். பீப்.

அப்புறம் ஒன்றுமில்லை. அப்புறம் பீப். பீப், பீப். பீப்பீப்பீப்பீப். "ஜெபா, சத்தத்தைக் கூட்டு" என்றார் டாக்டர், குழந்தை மாதிரி. அடுத்த கால் மணி நேரம் என்ன செய்தார்கள் என்று தாரணிக்குத் தெரியாது, எக்ஸ்ரே எடுத்தார்கள், கழுவினார்கள், மருந்து வைத்தார்கள், அவளுக்கு அந்தப் பீப் மட்டும் காதில் ஓடிக்கொண்டிருந்தது. ஷீட்டைக் கழற்றினார்கள். வாய் திரும்பி வந்தது, பாதி மரத்துப்போய். "ரெண்டு வாரம் கழிச்சு வா, கொப்புளம் போயிருந்தா அன்னைக்கு நிரந்தரமா அடைச்சிடலாம். போயிடும்னு நெனக்கிறேன். சத்தியம் பண்ண மாட்டேன்" என்றார் டாக்டர். அவள் எழுந்து உட்கார்ந்தாள். உதடு ஒரு பக்கம் தொங்கியது. "டாக்டர், நூல் கடிச்சேங்க. கடிக்கலேன்னு பொய் சொன்னேன். ரெண்டு வருஷமா கடிக்கிறேன்." எச்சில் வழிந்தது, துடைக்கவில்லை. நஸ்ரின் டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டே, "தெரியும்மா" என்றார். "போன தடவை அந்தப் பள்ளத்தை நான் தேய்ச்சு சமமாக்கி அனுப்பினேன். இந்தத் தடவை வரும்போது புதுசா ஒண்ணு இருந்துது." "தெரிஞ்சுதான் கேட்டீங்களா?" "ஆமா." "அப்பறம் ஏங்க என்னைய ஒண்ணுமே சொல்லல?" டாக்டர் கையுறையைக் குப்பைக்கூடையில் போட்டார். "என் தப்பை நான் சொல்லிட்டிருந்தேன். உன்னோடதை நீ சொல்லுவேன்னு இருந்தேன்." ஜெபா அக்கா தட்டைக் கழுவிக்கொண்டே, "ஒரு மணி நேரம் வாயத் தொறந்து வெச்சா எல்லாம் வந்துரும்" என்றாள்.

வெளியே பெஞ்சில் அம்மா. ஒரு கையில் கூடை, இன்னொரு கையில் மருந்துச் சீட்டும் தண்ணீர் பாட்டிலும், அதற்குள் யாரோ கொடுத்த டோக்கனும். முகத்தைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள். கண்ணால் கேட்டாள். "கெடச்சிருச்சும்மா" என்றாள் தாரணி, அது கெதச்சுதுச்சும்மா என்று வந்தது. "நெசமாவா? ஈன்னு காட்டு." காட்டினாள். கோணல் ஈ. சாம்பல் நிறத்தில், கொஞ்சம் சாய்ந்து, அதே பல். இருக்கிறது. அம்மா குனிந்து பார்த்தாள், துணியில் அழுக்கு இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி, ரொம்ப நேரம். அப்போதுதான் தாரணி அதைக் கண்டாள், அம்மாவின் ஜாக்கெட் கையோரத்தில் ஒரு நூல் தொங்கியது, விரல் நீளத்துக்கு, காற்றில் ஆடியபடி. அவள் யோசிக்கவே இல்லை, கை அம்மாவின் தோளைப் பிடித்தது, தலை குனிந்தது, மரத்துப்போன வாய் நூலைத் தேடிப் போனது. "ஏய்!" என்று அம்மா போட்ட சத்தத்தில் பெஞ்சில் இருந்த எல்லோரும் திரும்பினார்கள். நூலுக்கு ஒரு விரல்கடை தூரத்தில் தாரணி அப்படியே நின்றாள். அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பொத்த வேண்டும், கை இரண்டிலும் சாமான், எதையும் விட முடியவில்லை, விடாமலே சிரித்தாள், அந்த இரண்டு பல் இல்லாத இடம் முழுசாகத் தெரிய, சத்தமாக, வாயாடி மாதிரி. தாரணி அவ்வளவு பக்கத்திலிருந்து அதைப் பார்த்ததே இல்லை. "இருங்கம்மா, அசையாதீங்க" என்று சொல்லிவிட்டு, அம்மா கையிலிருந்த கூடைக்குள் கையை விட்டு, சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில் காலையில் கழுத்திலிருந்து கழற்றிப் போட்ட ட்ரிம்மரைத் தேட ஆரம்பித்தாள். மெதுவாகவே தேடினாள்.